முதலில் சில்லு தேய்க்கட்டும், பிறகு கீழடிக்குப் போகலாம்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். போன வருடம் 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். அரை மணி நேரத்தில் எல்லாக் கூடத்தையும் சுற்றிவிட்டு, "டீச்சர், ஐஸ் வாங்கலாமா?" என்று வந்து நின்றுவிட்டார்கள். இந்த வருடமும் போகிறோம். கையால் தொட்டுச் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது ஏற்பாடு பண்ண முடியுமா? பெரிய செலவுக்கு வழியில்லை.

பதில்: பிள்ளைகள் மேல் தப்பே இல்லை டீச்சர். கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக அடுக்கிய ஓட்டுத் துண்டுகளைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்கப் பெரியவர்களுக்கே பொறுமை இருக்காது. அங்கே போய்த் "தொடாதே, ஓடாதே, சத்தம் போடாதே" என்று சொல்லிக்கொண்டே நாமும் சோர்ந்துபோகிறோம்.

சில பள்ளிகளோடு இந்த வேலையைச் செய்து பார்த்த அளவில் நான் சொல்வது இதுதான்: தொடுகிற வேலையெல்லாம் போவதற்கு முன்பே, உங்கள் பள்ளி மைதானத்தில் முடிந்துவிட வேண்டும். தாங்கள் செய்து பார்த்த பொருளைத் தேடிப் பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்குள் நுழைய வேண்டும்.

சில்லிலிருந்து தொடங்குங்கள். கீழடியில் பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஊரில் உடைந்த பானை, பூந்தொட்டி கேட்டால் யாரும் கொடுப்பார்கள். ஆளுக்கொரு துண்டு கொடுத்து, சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் வட்டமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். சும்மா இருபது நிமிட வேலை என்று நினைத்துத்தான் நானும் முதல் முறை ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண் நிறம். தேய்த்த சில்லை வைத்தே பாண்டிக் கட்டம் போட்டு ஆடினார்கள். அடுத்த வாரம் அருங்காட்சியகத்தில் ஒரு பையன் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், இவங்க நம்மளவிட நல்லாத் தேச்சிருக்காங்க. ஓரத்துல ஒரு மூலைகூட இல்ல." அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் மட்டும் கால் மணி நேரம் கூட்டம் நகரவில்லை.

அங்கே நிற்கும்போதே ஒரு கேள்வி போடுங்கள்: "இது விளையாட்டுச் சில்லுதான்னு நமக்கு எப்படித் தெரியும்?" மூடியாக இருக்கலாம், எடைக்கல்லாக இருக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது, ஓடு. கீழடியில் கிடைத்த கூரை ஓடுகளில் விரலால் இழுத்த பள்ளக்கோடுகள் உண்டு. மழைநீர் வழிந்தோட அந்த ஏற்பாடு. மேல் ஓரத்தில் கட்டுவதற்குத் துளைகளும் உண்டு. களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, பாதியில் மட்டும் விரலால் கோடு இழுத்து, காய்ந்தபின் சாய்த்துப் பிடித்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எந்தப் பாதியில் தண்ணீர் பரவுகிறது, எதில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். சுடாத மண் என்பதால் சீக்கிரம் கரையும். ஏன் சுடுகிறோம் என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மூன்றாவது பெயர் எழுதுவது. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகளை அங்கே பார்ப்பீர்கள். தமிழி என்கிற அந்தப் பழந்தமிழ் எழுத்தின் அட்டவணை ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். 'க' என்பது அச்சு அசலாகக் கூட்டல் குறி, பிள்ளைகளுக்கு அதிலிருந்து தொடங்கினால் பயம் போய்விடும். உடைந்த ஓட்டில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறட்டும். வளைவான எழுத்து வழுக்கும், நேர்கோடு ஏறும். அதைக் கை சொல்லிக்கொடுக்கும். யாழினி, வள்ளி என்று பெயர் வைத்த பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் பெருமை காத்திருக்கிறது: ழ, ள, ற, ன நான்கும் தமிழ் ஒலிகளுக்கென்று தமிழியில் தனி வடிவம் பெற்ற எழுத்துகள். (ஆணி விஷயத்தில் கவனம். ஓட்டை மடியில் வைத்துக் கீறக் கூடாது, தரையில் வைக்க வேண்டும்.)

இப்போது நீங்கள் செய்யலாமா என்று யோசித்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றி: மணல் தொட்டியில் பொருள்களைப் புதைத்துத் தோண்டச் சொல்வது. வேண்டாம். நானே ஒரு முறை செய்து பட்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் மணல் முழுக்க வெளியே. யார் அதிகம் எடுத்தது என்று சண்டை. எந்தப் பொருள் எந்த ஆழத்தில் இருந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அகழாய்வு என்றால் புதையல் வேட்டை என்று நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக வகுப்புக் குப்பைக்கூடையை ஒரு வாரம் கொட்டாமல் வையுங்கள். தினமும் காலண்டரில் கிழித்த தாளையும் அதிலேயே போடுங்கள். சாப்பாட்டு மிச்சம் மட்டும் கூடாது, எறும்பு வரும். வாரக் கடைசியில் மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக எடுத்து, அளவுகோல் வைத்து ஆழம் குறித்து, நோட்டில் எழுதட்டும். திங்கட்கிழமைத் தாள் அடியில் கிடக்கும். அதோடு ஒட்டிக் கிடந்த பென்சில் சீவலும் திங்கட்கிழமையது என்று ஏதாவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லும். அதற்குப் பிறகு, கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்துத்தான் கி.மு. 580 என்று காலம் கணித்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஆழம் ஏன் முக்கியம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

போகிற நாளுக்கு வருவோம். எல்லாக் கூடத்தையும் காட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். 42 பேரை ஆறு குழுவாகப் பிரித்து, சில்லு, ஓடு, பெயர் எழுதிய பானை, தக்களி (நூல் நூற்கும் கருவி), சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த மணி, உறைகிணறு (சுடுமண் வளையங்களை அடுக்கிய கிணறு) என்று குழுவுக்கொரு பொருள் கொடுங்கள். தங்கள் பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, பென்சிலால் வரைந்து, அதைப் பற்றி ஒரு கேள்வி எழுதிவர வேண்டும். பேனா வேண்டாம். முன்கூட்டியே அருங்காட்சியகத்தில் பேசி, எந்த நாள் விடுமுறை, எந்த நேரம் கூட்டம் குறைவு, விளக்கம் சொல்ல ஆள் கிடைப்பார்களா, தொட்டுப் பார்க்க மாதிரிப் பொருள் ஏதும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் எதுவும் கிடைக்காது.

கீழடிக்குப் பக்கத்து ஊரான கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழி முன்னால் "செத்தவங்களை இதுக்குள்ளயா வச்சாங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். "ஆமாம்" என்று நேராகச் சொல்லுங்கள். நாம் மழுப்பினால்தான் பயம் வரும்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கத்து வயல், தோப்பு எங்கே காலை வைத்தாலும் ஓட்டுத் துண்டு தட்டுப்படும். பையில் போட்டுக்கொண்டு வர விடாதீர்கள். குப்பைக்கூடைப் பாடம் இங்கே கைகொடுக்கும், இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் அந்த ஓடு பேசாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். சட்டமும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்னும் பத்து ரூபாய்தான்.

திரும்பி வந்தபின் வகுப்பறை ஓரத்தில் ஒரு மேசை போதும். மரக்கால், படி, அரிவாள்மனை, ஆச்சியின் வெற்றிலை உரல் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து, பொருளின் பெயர், யார் பயன்படுத்தியது, இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று மூன்று வரி அட்டை எழுதட்டும். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். பழைய காசு, ஓலைச்சுவடி, நகை கேட்க வேண்டாம். தொலைந்தால் உங்கள் தலையில் விழும், படம் எடுத்து ஒட்டினால் போதும்.

வண்டி ஏற்பாடாகி, பொழுதும் மிஞ்சினால், அதே ராமேசுவரம் சாலையில் மேலே மானாமதுரைக்குப் போங்கள். கச்சேரியில் வாசிக்கிற கடத்துக்குப் பேர்போன ஊர், அதன் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கீழடியில் பார்த்த கருப்பு-சிவப்புப் பானை எப்படி இரண்டு நிறமானது என்று அங்கே சூளைக்குப் பக்கத்தில் நின்று சொல்வது சுலபம்: பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். சூளை பிரிக்கிற நாள் எது என்று அங்கே விசாரித்துவிட்டுத் தேதி வையுங்கள். தினமும் பிரிக்க மாட்டார்கள்.