மணல் வீச்சுக்குப் பிறகு சுவரில் ஓதம்: ஒப்பந்தக்காரர் பொறுப்பாவாரா?

கேள்வி: தக்கலை அருகே எங்கள் பழைய செங்கல் வீட்டின் வெளிச்சுவரில் படிந்த பாசியையும் பெயின்டையும் நீக்க, அழுத்தக் காற்றோடு மணலைப் பாய்ச்சும் மணல் வீச்சு (sandblasting) முறையை ஒப்பந்தக்காரரே பரிந்துரைத்தார். பேசிய 2,40,000 ரூபாயில் 1,80,000 கொடுத்துவிட்டேன். முதல் மழையிலேயே உட்சுவரில் ஓதம் இறங்கியது. "நீங்கள் ஒப்புக்கொண்டுதானே செய்தேன்" என்று சொல்லி மீதிப் பணத்தையும் கேட்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் சம்மதம் அவரைக் காப்பாற்றாது. சூளையில் வெந்த செங்கல்லுக்கு வெளிப்புறத்தில் கெட்டியான ஒரு மேல்தோல் உண்டு. அழுத்தக் காற்றோடு பாயும் மணல் அழுக்கை மட்டுமல்லாமல் அந்தத் தோலையும், இடையிலுள்ள சுண்ணாம்புக் காரையையும் அரித்துவிடுவதால், கல் தண்ணீரை உறிஞ்சத் தொடங்குகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் அதன் விளைவு தெரிய அதிக நாளாகாது. இதை அறிந்திருக்க வேண்டியவர் தொழில் செய்பவரே; வீட்டுக்காரர் அல்லர். (கருங்கல் கோயில்களிலேயே சிற்பங்கள் தேய்கின்றன என்பதால் அறநிலையத்துறை இம்முறையைத் தடை செய்திருக்கிறது.) எனவே இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லும் சேவைக் குறைபாடு என்று வாதிட வலுவான இடமிருக்கிறது.

சுவரை உடனே பூசிவிடாதீர்கள். பூசினால் சாட்சியமும் மறைந்துவிடும். தேதியுடன் படம் எடுத்து, ஒப்பந்தக்காரருக்குத் தொடர்பில்லாத கட்டடப் பொறியாளர் ஒருவரிடம், ஓதத்திற்கு மணல் வீச்சுதான் காரணமா அல்லது முன்பே கூரை ஒழுகியதா என்பதைப் பிரித்துச் சொல்லும் எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்குங்கள். வழக்கின் உயிர் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அவர் இம்முறையைப் பரிந்துரைத்த வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். அவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம், 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும்.

பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் கட்டணம் இல்லை. கொடுத்த பணத்தோடு, சுவரைச் சீர்செய்யும் செலவுக்கும் மதிப்பீட்டுடன் இழப்பீடு கேளுங்கள்.

மீதி 60,000 ரூபாயைப் பொறுத்தவரை, வெறுமனே மௌனமாக இருப்பது தவறு. வேலையின் குறைபாட்டால்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.