‘ஐஸ்’ போதையை விட்ட பிறகு மூளை பழைய நிலைக்குத் திரும்புமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. இரண்டு வருடமாக ‘ஐஸ்’ எனப்படும் மெத்தாம்பெட்டமைன் எடுத்துக்கொண்டிருந்தான். விட்டு எட்டு வாரம் ஆகிறது. இப்போது நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். எதிலும் பிடிப்பில்லை, சொன்னது பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது. இந்தப் போதையால் மூளையில் ஓட்டை விழுந்ததாக ஒரு ஸ்கேன் படம் பார்த்தேன். இது சரியாகுமா?

பதில்: முதலில் அந்தப் படம். அது ஸ்பெக்ட் ஸ்கேனாக இருக்க வேண்டும். ரத்த ஓட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன இடங்களைக் கணினி வெற்றிடமாக வரைந்துவிடும். அங்கே மூளை இருக்கத்தான் செய்கிறது. பயமுறுத்த நல்ல படம், புரிந்துகொள்ள உதவாது.

பாதிப்பு இருப்பது நரம்பணுக்களின் நுனியில். அங்கே, ஆர்வத்தையும் பிடிப்பையும் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். தேவைப்படும்போது கொஞ்சம் வெளியே வரும். வேலை முடிந்ததும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற புரதம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மெத் (மெத்தாம்பெட்டமைன்) இந்தப் புரதத்தின் வழியாகவே உள்ளே நுழைகிறது. பைகளைக் காலிசெய்து, டிரான்ஸ்போர்ட்டரையும் எதிர்த்திசையில் ஓடவைக்கிறது. உள்ளே இழுக்க வேண்டிய புரதம் வெளியே கொட்டத் தொடங்குகிறது. எலிகளில் அளந்தபோது, சாப்பாடு டோபமைனை வழக்கமான அளவிலிருந்து ஒன்றரை மடங்காக்கியது. மெத் சேர்ந்த ஆம்பெட்டமைன் வகை, பத்து மடங்குக்குக் கொண்டுபோனது. போதாக்குறைக்கு, கோகெய்னின் அரை ஆயுள் (ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம்) ஒரு மணி நேரம் என்றால் மெத்துக்கு 10 முதல் 12 மணி நேரம். அவ்வளவு நேரமும் பைக்கு வெளியே, நுனிக்குள்ளேயே தேங்கி நிற்கும் டோபமைன் ஆக்ஸிஜனேற்றமடைந்து அந்த நுனியையே அரிக்கிறது.

2001இல் அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழு, மூளையின் வேதி வேலையைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தது இதைத்தான்: மெத் பயன்படுத்தியவர்களுக்கு, அசைவையும் ஆர்வத்தையும் இயக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியில் டிரான்ஸ்போர்ட்டர் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்திருந்தது. குறைவு அதிகமானவர்களுக்கு அசைவும் நினைவும் மந்தமாக இருந்தன. 2004இல் பால் தாம்ப்சன் குழு எடுத்த எம்.ஆர்.ஐ.யில், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் சராசரியாக 7.8 சதவீதம் சிறுத்திருந்தது. இவர்களுக்குப் பழக்கத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் கிடையாது என்பதால், வித்தியாசம் முழுவதையும் மெத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் தருவது வோல்கோவ் குழுவின் அடுத்த வேலை. ஐந்து பேர் ஒரு வருடத்துக்கும் மேல் மெத்தைத் தொடாமல் இருந்த பிறகு மறுபடி ஸ்கேன் செய்தார்கள். டிரான்ஸ்போர்ட்டர், ஸ்ட்ரையேட்டத்தின் இரு பகுதிகளான காடேட்டில் 19 சதவீதமும் புட்டமெனில் 16 சதவீதமும் ஏறியிருந்தது. அதே வேகத்தில் நினைவாற்றல் தேறவில்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நுனிகள் ஒரேயடியாகச் செத்துவிடவில்லை என்று இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த 1996 ஆய்வும் சொல்கிறது. ஆகவே கணக்கை மாதங்களில் போடுங்கள். எட்டாவது வாரத்தில் தம்பி படுத்துக் கிடப்பது சோம்பேறித்தனம் இல்லை. டோபமைன் இன்னும் வறண்டிருக்கிறது. ஒரேயொரு திருத்தம்: விட்டதும் வரும் அடித்துப்போட்ட தூக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். எட்டு வாரமாகியும் நாள் முழுக்கப் படுக்கை என்றால் மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கலாம். மனநல மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். ‘சாகத் தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

வீட்டில் செய்யக்கூடியதில் நான் முதலிடம் தருவது உடற்பயிற்சிக்கு. சிகிச்சை மையத்தில் இருந்தவர்களை 8 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒரு மணி நேரம் நடக்கவும் ஓடவும் வைத்து, எடைப் பயிற்சியும் கொடுத்த ஒரு சிறிய ஆய்வில், டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் சுமார் 15 சதவீதம் கூடின. தம்பியைப் பத்து நிமிட நடையில் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

சிகிச்சையில் இன்றுவரை நன்றாக வேலை செய்வது மாத்திரை இல்லை, பரிசுமுறைச் சிகிச்சை. வாரம் இரண்டு மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை. மெத் இல்லையென்றால் சிறு பரிசு. தொடர்ந்து இல்லையென்றால் பரிசு ஏறும், இடறினால் ஆரம்பத் தொகைக்கு இறங்கும். சிறுநீரில் மெத் இரண்டு முதல் நான்கு நாள் தெரியும் என்பதால்தான் இந்த இடைவெளி. வாரம் ஒரு முறை பரிசோதித்தால் நடுவில் எடுத்தது தப்பிவிடும். மருந்தில், 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் (குடி, அபின் வகைப் போதைக்கான மருந்து) மனச்சோர்வு மருந்தான புப்ரோபியானும் சேர்த்துக் கொடுத்தபோது 13.6 சதவீதம் பேருக்குப் பலன். போலி மருந்துக்கு 2.5 சதவீதம். சுமார்தான். புப்ரோபியான் வலிப்பைத் தூண்டலாம், முதல்கட்டச் சிறுநீர்ச் சோதனையில் ஆம்பெட்டமைன் இருப்பதாகப் பொய்யாகவும் காட்டலாம். அதை வைத்துத் தம்பியைச் சந்தேகப்படாமல் உறுதிப்படுத்தும் சோதனை கேளுங்கள்.

மறுபடி எடுத்துவிட்டால் கவனிக்க வேண்டியவை: யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகச் சொறிவது. முன்பு இப்படி வந்தவர்களுக்கு, நெடுநாள் விட்டிருந்தாலும், சிறிய அளவே திரும்பக் கொண்டுவரும். நெஞ்சுவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், கொதிக்கும் உடம்பு என்றால் உடனே அவசரப் பிரிவு. அந்தச் சூட்டுக்குப் பாராசிட்டமால் கேட்காது, அது காய்ச்சல் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆடையைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். கட்டிப்போட்டு அமுக்க வேண்டாம், திமிறத் திமிறச் சூடு ஏறும்.