உத்திகளை எந்த வரிசையில் கற்பது?

கேள்வி: சிறுகதை எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. அதற்கு முன்னால் இலக்கிய உத்திகளை முறையாகக் கற்றுவிட வேண்டும் என்று குறிப்பெடுத்து வருகிறேன். படிமம், குறியீடு, அங்கதம், மாய யதார்த்தம் எனப் பெயர்களும் விளக்கங்களும் ஒரு குறிப்பேட்டை நிரப்பிவிட்டன. நனவோடைக்கு மட்டுமே நான்கு பக்கம். ஆனால் எதை முதலில் கற்பது, எதைப் பின்னால் கற்பது என்று தெரியவில்லை. வரிசையைச் சொல்வீர்களா? நான் எழுதிய கதையின் தொடக்கத்தை இணைத்திருக்கிறேன். மீதியை உத்திகளைக் கற்று முடித்த பிறகு எழுதுவதாக உத்தேசம்.

“இரவு தன் கரிய போர்வையை விரித்திருந்தது. மாலதியின் மனக்கடலில் துயர அலைகள் ஓயாமல் மோதின. அப்பாவின் பிரிவு அவளை வாட்டியது. அவளோடு சேர்ந்து வானமும் அழுதது.”

பதில்: உங்கள் குறிப்பேட்டை நான் பார்க்கவில்லை, நீங்கள் அனுப்பியிருக்கும் நான்கு வாக்கியங்களைப் பார்த்தேன். உங்கள் கேள்விக்கான விடை அவற்றிலேயே இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இரவு போர்வை விரிப்பதும் மனம் கடலாவதும் உருவகங்கள்; வானம் அழுவது, இயல்பாக நடப்பதன் மேல் நம் கருத்தை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்றம். நான்கு வாக்கியங்களுக்குள் மூன்று அணிகளை வைத்திருப்பவரைப் பார்த்து உத்தி போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போதாமல் இருப்பது மாலதிதான். அவள் எங்கே இருக்கிறாள், படுத்திருக்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா, அப்பா இறந்துபோனாரா அல்லது வீட்டை விட்டுப் போனாரா, அது நடந்து எத்தனை நாளாயிற்று என்ற எந்தச் செய்தியும் இந்தப் பத்தியில் இல்லை. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் தந்தையைப் பிரிந்த எந்த மகளின் கதைக்கும் இதே பத்தியை ஒட்டிவிடலாம் என்பதுதான் இதன் முதல் குறை.

உத்தியின் பெயரும் இலக்கணமும் தெரிந்திருப்பது ஒன்று, அது எந்த இடத்தில் உயிர் பெறுகிறது என்று தெரிந்திருப்பது வேறொன்று. நீங்கள் கையாண்டிருக்கும் தற்குறிப்பேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரையை நெருங்கி வரும் கோவலனையும் கண்ணகியையும் பார்த்து, மதிலின் மேல் பறக்கும் கொடிகள் ‘வாரல்’ என்று கை காட்டி மறிப்பவை போல அசைந்தன என்று வருகிறது. இந்த அணிக்கு வகுப்பறையில் தவறாமல் சொல்லப்படும் எடுத்துக்காட்டு இது. தவறாமல் சொல்லப்படுவதனாலேயே அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. கொடி காற்றில் அசைவது இயற்கை. நகருக்குள் என்ன நடக்கப்போகிறது என்பது, நூலின் முகப்பான பதிகத்திலேயே கதையைக் கேட்டுவிட்ட நமக்குத் தெரியும். நடந்து வருகிற அந்த இருவருக்கும் தெரியாது. நமக்குத் தெரிந்ததற்கும் அவர்களுக்குத் தெரியாததற்கும் நடுவில் அந்தக் கொடி அசைவதனால்தான் நமக்குப் பதைக்கிறது. இதே கொடியை, அவர்கள் புகாரை விட்டுப் புறப்படுவதற்கு முன்பாக எங்கேனும் பறக்கவிட்டிருந்தால் அது வெறும் அலங்காரமாக நின்றுபோயிருக்கும். உங்கள் வானமோ, துயர அலைகள் சொன்னதையும் பிரிவு வாட்டியதாகச் சொன்னதையும் மூன்றாம் முறையாகச் சொல்லிக் காட்டுகிறது. நன்னூல் பாயிரம் அடுக்கும் பத்துக் குற்றங்களில் இதற்குக் ‘கூறியது கூறல்’ என்று பெயர். (நூலுக்குச் சொன்ன குற்றங்களைக் கதைக்குப் பொருத்தலாமா என்று புலவர்கள் கேட்கக்கூடும், பத்தில் பெரும்பாலானவை தாராளமாகப் பொருந்துகின்றன.)

வரிசை கேட்டீர்கள். என்னிடம் நீண்ட வரிசை இல்லை. கதையில் நடப்பதை யார் பார்க்கிறார்கள் என்பதும், ஒவ்வொரு பத்தியும் எவ்வளவு காலத்தைக் கடக்கிறது என்பதும் ஆகிய இரண்டு மட்டும் முதலில் முடிவாக வேண்டும். மற்ற உத்திகள் இந்த இரண்டு முடிவுகளின் பின்னால் தாமாக வருகின்றன, அல்லது தேவையில்லாமல் போகின்றன.

பார்வைக் கோணம் என்றவுடன் தன்மையில் எழுதுவதா படர்க்கையில் எழுதுவதா என்ற கேள்வியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். படர்க்கையில் எழுதினாலும் பார்ப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். தமிழில் எழுதுகிறவர் இதிலிருந்து தப்பிக்கவே முடியாது, ஏனென்றால் நம் வினைமுற்றே காட்டிக் கொடுத்துவிடும். ‘அப்பா உள்ளே வந்தார்’ என்று எழுதினால் மகள் பார்க்கிறாள். ‘சதாசிவம் உள்ளே வந்தான்’ என்று எழுதினால், அவருடைய நண்பரோ மூத்தவரோ அல்லது யாரையும் ‘ன்’ விகுதியில் குறிப்பிடுகிற கதைசொல்லியோ பார்க்கிறார். முதல் பக்கத்தில் ‘வந்தான்’ என்றும் மூன்றாம் பக்கத்தில் காரணமே இல்லாமல் ‘வந்தார்’ என்றும் எழுதப்பட்ட கதைகள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எழுதியவருக்குத் தெரியாமலே பார்ப்பவர் மாறிவிட்டார் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. உங்கள் பத்தியில் ‘அப்பா’ என்ற சொல் மாலதியினுடையது. ‘மனக்கடலில் துயர அலைகள்’ யாருடையவை? துக்கத்தில் இருக்கும் எந்தப் பெண்ணும் தன் மனத்தைப் பற்றி அப்படி நினைப்பதில்லை. மேடையில் இரங்கல் உரை ஆற்றுகிறவர் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். அவருக்கு உங்கள் கதையில் வேலை இல்லை.

இப்போது அதே நிலைமையை, துயரம், பிரிவு, அழுகை ஆகிய சொற்களைத் தொடாமல் எழுதிப் பார்க்கிறேன்: “மாலதி அப்பாவின் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தாள். காலை ஐந்தரைக்கு அதில் அலாரம் அடிக்கும். அவள் அதை அணைக்க மாட்டாள். தானாக ஓயும் வரை கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.” இதை உயர்ந்த உரைநடை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்பா திரும்பி வரமாட்டார், ஆள் போன பின்னும் அவருடைய விடியற்காலைப் பழக்கம் வீட்டில் மிஞ்சியிருக்கிறது, மகள் அதை விட மனமில்லாமல் இருக்கிறாள் என்ற மூன்றும் நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதில் அணி என்று எதுவும் இல்லை.

இன்னொன்றையும் இதில் கவனியுங்கள். முதல் வாக்கியம் ‘படுத்தாள்’ என்று ஓர் இரவில் நிற்கிறது. அடுத்தவை ‘அடிக்கும்’, ‘மாட்டாள்’, ‘படுத்திருப்பாள்’ என்று வழக்கத்தைச் சொல்லும் வடிவத்துக்கு மாறிவிடுவதால், எண்ணிக்கை சொல்லாத பல காலைகள் மூன்று சிறு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு முறை நடந்ததை ஒரு முறை சொல்வது, பல முறை நடந்ததை ஒரே முறையில் சொல்வது, நீண்ட காலத்தைச் சுருக்குவது, காட்சியாக நிறுத்துவது, முற்றாகத் தாண்டிவிடுவது என்று கதையின் காலத்தைப் பிரெஞ்சு விமர்சகர் ழெரார் ழெனெத் 1972-இல் வெளியான தம் ஆய்வில் விரிவாகப் பகுத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பகுப்பை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு சிறுகதையை எடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது கடக்கும் காலத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்: ‘அரை நிமிடம்’, ‘ஒரு கோடை முழுவதும்’, ‘பதினோரு வருடம்’. ஆசிரியர் எங்கே நடையைத் தளர்த்துகிறார், எதை ஒரே வரியில் தாண்டிப் போகிறார் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். குறிப்பேட்டில் விளக்கம் எழுதுவதைவிட இது கடினமான வேலை.

‘சொல்லாதே, காட்டு’ என்ற அறிவுரையும் உங்கள் குறிப்பேட்டில் நிச்சயம் இருக்கும். அதை வேதவாக்காகக் கொண்டு, கதவைத் திறப்பதற்கு ஒரு பத்தி, நாற்காலியில் அமர்வதற்கு ஒரு பத்தி என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. கதைக்கு முக்கியமில்லாத பத்து வருடத்தை ‘பத்து வருடம் கழிந்தது’ என்று சொல்லிவிட்டுப் போவதும் உத்திதான். பல நேரங்களில் அதுவே நல்ல உத்தி.

அணி நூல்களைப் படிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தண்டியலங்காரம் பொருளணிகள் 35-ஐ வரிசைப்படுத்தி, கடைசியாகப் பாவிகத்தை வைத்து, ‘பாவிகம் என்பது காப்பியப் பண்பே’ என்கிறது. ஏனைய அணிகளை ஒரு செய்யுளில் காட்டிவிடலாம். பாவிகமோ நூல் முழுவதிலும் ஊடுருவி நிற்கும் கருத்து; அதை நூல் முழுவதையும் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். கதையின் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு உத்திக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு, எல்லாவற்றிலும் பெரிய அந்த அணி கைக்கு எட்டவே போவதில்லை. எழுத்தைக் கற்பிப்பவர்களும் எழுதி வந்த பிரதியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறார்கள். 1936-இல் உருவான அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை, ஒருவர் எழுதிக் கொண்டுவந்த பிரதியை மற்றவர்கள் விவாதிக்க, எழுதியவர் வாய் திறக்காமல் கேட்டிருக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. விவாதிக்கப் பிரதி இல்லாதவருக்கு அங்கே பாடமும் இல்லை.

நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கும் நனவோடைக்கு, அதாவது மனத்தில் ஓடும் நினைவுகளை ஓடுகிறபடியே எழுதும் உத்திக்கு, வருகிறேன். அந்தப் பெயருக்கு மூலமான ஆங்கிலத் தொடர் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட நூலால் பரவியது. ஆங்கில நாவலாசிரியர் டாரதி ரிச்சர்ட்சனின் நாவல் வரிசையில் முதல் பகுதி 1915-இல் வந்துவிட்டது. எழுத்தாளர் மே சின்க்ளேர் அந்தத் தொடரை எடுத்து ரிச்சர்ட்சனின் எழுத்துக்குச் சூட்டியது 1918-இல். ஒரு பெண்ணின் மனத்துக்குள்ளிருந்து மட்டுமே கதையைச் சொல்வது என்ற கட்டுப்பாட்டை ரிச்சர்ட்சன் ஏற்றுக்கொண்டபோது, அவர் கையாண்ட முறைக்கு இலக்கியத்தில் இந்தப் பெயர் இல்லை. ஆகவே மாலதியின் கதையை முதலில் முடிவு வரை எழுதுங்கள். தூக்கம் வராமல் அவள் புரண்டு படுக்கும் இரவை எழுதும்போது, ஒரு நினைவு முடிவதற்குள் இன்னொன்று குறுக்கிட்டு, உங்கள் வழக்கமான வாக்கியம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுமானால், அன்றைக்கு அந்த நான்கு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்படித் திணறாவிட்டால் இந்தக் கதைக்கு நனவோடை வேண்டியதில்லை.