பிரான்ஸ் லிசேவுக்குப் போகிற பையன்: டியூஷன் பாண்டியிலா, அங்கே போயா?

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு சகோதரியின் கேள்வி. கணவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸ் பக்கம் சார்செலில் வேலை. பத்தாவது முடித்த மகனோடு ஜூலையில் கிளம்புகிறார், செப்டம்பரில் லிசே (அங்கத்திய மேல்நிலைப் பள்ளி). "இங்கேயே நல்ல சாரைப் பிடித்து, போன பிறகும் வீடியோவில் தொடரலாமா? இல்லை, அங்கே எல்லாப் பாடமும் எடுக்கிற நம்மூர்க்காரரிடம் விடலாமா?"

சகோதரி, இங்கே இருக்கிற இரண்டு மாதமும் பிரெஞ்ச் மட்டும் போதும். கணக்குக்கு இப்போது ஆள் தேடாதீர்கள். பிரெஞ்ச் சாரையும் பார்த்துப் பிடியுங்கள். நம்மூரில் பிரெஞ்ச் டியூஷன் என்றால் பெரும்பாலும் ப்ளஸ் டூ மார்க்குக்குத்தான். விடையை மனப்பாடம் செய்யவைத்து 90-க்கு மேல் வாங்கித் தந்துவிடுவார்கள். லிசேவில் வாத்தியார் மடமடவென்று சொல்லிக்கொண்டே போவதை நோட்டில் எழுத அந்த மனப்பாடம் உதவாது. முதல் வகுப்பில் நீங்களும் கூட உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் பையன் பத்து நிமிடமாவது பிரெஞ்சில் வாய் திறக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். சுஃப்ரேன் தெரு அலியான்ஸ் பிரான்சேஸில் இடம் கிடைத்தால் அங்கே சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வருகிறவரிடம் தினம் பத்து வரி டிக்டேஷன் மட்டும் கேளுங்கள். எண்களையும் சொல்லி எழுதவைக்கட்டும். அங்கே தசமப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். 3,500 என்றால் மூன்றரை. நம் பிள்ளைகள் மூவாயிரத்து ஐந்நூறு என்று படிப்பார்கள்.

போனதும் பையனுக்கு மொழியிலும் கணக்கிலும் ஒரு பரிசோதனை வைத்து இடம் ஒதுக்குவார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கென்று இருக்கும் 'யூ.பே.தெ.ஆ' வகுப்பு கிடைத்தால் கௌரவம் பார்க்காமல் சேருங்கள். இலவசப் பிரெஞ்ச் பயிற்சி அது, டியூஷனைவிட மேல். லிசேவின் முதல் வருஷமான செகோந்தில் போட்டால் "ஒரு வருஷம் போச்சே" என்று வருத்தப்பட வேண்டாம். அடுத்த வருஷமான ப்ரெமியேரின் கடைசியில் பிரெஞ்ச் மொழிப் பரீட்சை எழுத்திலும் வாயாலும் இருக்கிறது. பார்கூர்சூப் என்ற அரசுத் தளத்தில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ப்ரெமியேர், கடைசி வருஷமான தெர்மினால் மதிப்பெண்களைத்தான் பார்க்கிறார்கள். தடுமாறுவதென்றால் செகோந்தில் தடுமாறட்டும்.

கணக்கு டியூஷனை அக்டோபர் கடைசி தூசேன் லீவில் ஆரம்பித்தால் போதும். அதற்குள் திருத்திய தாள் இரண்டு மூன்று கைக்கு வந்திருக்கும். அதை வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். முதல் பகுதியில் ஓர் இருபடிக் கோவையை வர்க்க வடிவில் காட்டச் சொல்லியிருப்பார்கள். அடுத்த பகுதி 'ஆன் தெதுயிர்' என்று தொடங்கும். மேலே காட்டியதிலிருந்தே விடையைப் பெறு என்று பொருள். நம் பையன் பத்தாவதில் படித்த இருபடிச் சூத்திரத்தைப் போட்டு, தீர்வு 1, 5 என்று சரியாகவே எழுதியிருப்பான். மதிப்பெண் பாதிகூட வந்திருக்காது. அந்தச் சூத்திரம் அங்கே ப்ரெமியேரில்தான் வருகிறது; கேள்வியில் கேட்டிருப்பதும் அதை அல்ல. இந்தத் தாளை டியூஷன் எடுக்க வருகிறவர் கையில் கொடுங்கள். "விடை சரிதானே, ஏன் குறைத்தார்கள்?" என்று கேட்கிறவர் வேண்டாம். கேள்வியைப் படித்து 'ஆன் தெதுயிர்' மேல் விரல் வைக்கிறவரை விடாதீர்கள், இருபது வயது மாணவராக இருந்தாலும் சரி.

அந்த நம்மூர்க்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் கொலேழ் (நடுநிலைப் பள்ளி) பிள்ளையும் தெர்மினால் பிள்ளையும் ஒரே மேசையில் என்றால், அது வீட்டுப்பாடம் முடிக்கிற இடம். "பையனை பக் 'எஸ்' பிரிவுக்குத் தயார் செய்வீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பக் என்பது லிசே முடிவில் எழுதும் பரீட்சை, 'எஸ்' அதன் அறிவியல் பிரிவு. சரி என்று தலையாட்டினால், 2019 சீர்திருத்தத்தில் அந்தப் பிரிவே எடுக்கப்பட்டது அவருக்குத் தெரியவில்லை.

பாண்டி சாருடன் வீடியோ வகுப்பில் நேரம்தான் தொல்லை. குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். அங்கே மாலை 6 என்றால் இங்கே இரவு 10.30. பையனுக்குப் புதன் மதியம் வகுப்பு இல்லை என்றால் அங்கே 2 மணி, இங்கே மாலை 6.30, பிசிக்ஸில் ஒரு கருத்தைத் தமிழில் புரிந்துகொள்ள மட்டும் அந்த நேரத்தை வையுங்கள். விடை எழுதும் முறைக்கு அங்கத்திய ஆள்தான்.

பணம். வீட்டுக்கு வந்து எடுத்து, 'செசு' என்ற அரசுப் பதிவு முறை வழியாகக் கணக்கில் காட்டினால் செலவில் 50 சதவீதம் வரிக்கழிவாக வரும். வரி கட்டாத குடும்பத்துக்கும் உண்டு. மணிக்கு மொத்தச் செலவு 30 யூரோ என்றால் உங்கள் கையிலிருந்து 15. வீடியோ வகுப்புக்கும், அவர் வீட்டுக்குப் போய்ப் படிப்பதற்கும், கணக்கில் காட்டாமல் கையில் கொடுக்கிற ரொக்கத்துக்கும் கிடையாது. நிறுவனம் வழியாகப் போனால் பல மணி நேரத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொல்லலாம். மூன்று வகுப்புக்கு மேல் முதலில் கட்டாதீர்கள். கையில் பணமில்லை என்றால் 'ஆஃபேவ்' சங்கத்தின் பல்கலைக்கழக மாணவர்கள் வாரம் இரண்டு மணி நேரம் இலவசமாக வருகிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகளையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

20-க்கு 11 வந்தால் டியூஷன் சாரை மாற்றக் கிளம்பாதீர்கள். பள்ளி மதிப்பெண் போடும் ப்ரொனோத் தளத்தில் வகுப்புச் சராசரியைப் பாருங்கள், 9 ஆகக்கூட இருக்கலாம். பக்கில் 12 எடுத்தாலே 'அசே பியான்' (ஓரளவு நன்று) என்று சான்றிதழில் போடுகிறார்கள். மதிப்பெண்ணை விட ஓரத்தில் சிவப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆறு வாரம் கழித்தும் அதே வாசகம் வந்தால், அப்போது மாற்றுங்கள்.