பரிசுக் கூடைக்கு ஒரு பின்னல் கயிறு

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். இடைக்கால ஐரோப்பாவின் உடை, கைத்தொழில், வாட்போர் ஆகியவற்றைச் செய்து பழகும் ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ என்ற சங்கத்தின் குழு ஒன்றில் கணவரும் மகளும் நானும் சேர்ந்திருக்கிறோம். ராஜா, ராணி வேடம் ஏற்பவர்கள் மற்றவர்களுக்கு வழங்குவதற்காக உறுப்பினர்கள் கைப்படச் செய்த பரிசுப் பொருள்களைக் கொடுப்பது அங்கே வழக்கம். நான் ஆசையாகக் குரோஷா பைகள் பின்னிக் கொண்டுபோனேன். “இது அந்தக் காலத்துக் கைவேலையே இல்லை” என்று ஒருவர் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். கோடையில் சங்கத்தின் பெரிய கூடுகையான பென்சிக் விழா வருகிறது. அதற்குள் இருபது பொருள்களாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். அதிகச் செலவில்லாமல், யாரும் குறை சொல்லாதபடி என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பெண்மணியோ பெரியவரோ சொன்ன தகவல் சரியானது, ஆனால் புதிதாக வந்த ஒருவரிடம், அதுவும் பலர் முன்னிலையில், அதைச் சொன்ன விதம் சரியில்லை. குரோஷா ஐரோப்பாவில் பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய உங்கள் சங்கமோ 17-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட காலத்தையே எடுத்துக்கொள்கிறது. அதனால் உங்கள் பைகள் பரிசுக் கூடைக்குப் பொருந்தவில்லை என்பது மட்டுமே உண்மை. நூலை ஒரே சீராக இழுத்துப் பிடிக்கும் பக்குவம் உங்கள் விரல்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்பதற்கும் அதே பைகள்தான் சான்று. நான் சொல்லப்போகும் வேலைக்கு அந்தப் பக்குவம்தான் முதல் தேவை.

நீங்கள் பின்னல் கயிறு செய்யுங்கள். விரல்களில் நூல் வளையங்களை மாட்டிக்கொண்டு, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பின்னும் முறை இது. லண்டனில் தேம்ஸ் கரையில் நடந்த அகழாய்வுகளில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய பட்டுப் பின்னல்கள் கிடைத்திருக்கின்றன. பின்னும் முறையை விளக்கும் 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்புகளும் பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 2320 என்ற எண்ணுள்ள கையெழுத்துப் பிரதியில் இருக்கின்றன. ஆகவே, இது அந்தக் காலத்து வேலைதானா என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை; நூலுக்கு மட்டும்தான் செலவு.

ஐந்து வளையப் பின்னலில் தொடங்குங்கள். சம நீளமுள்ள ஐந்து நூல் வளையங்களின் ஒரு முனையைச் சேர்த்து முடிந்து, கதவுக் கைப்பிடியில் கட்டிக்கொள்ளுங்கள். இடக்கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு வளையம். வலக்கையில் நடுவிரலிலும் மோதிர விரலிலும் மட்டும். காலியாக உள்ள வலது ஆள்காட்டி விரலை வலக்கையின் இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, இடது மோதிர விரலில் உள்ள வளையத்தைக் கொக்கிபோல இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு இடக்கையில் மீதமுள்ள இரண்டு வளையங்களையும் ஒவ்வொரு விரல் தள்ளி மாட்டினால் இடது ஆள்காட்டி விரல் காலியாகிவிடும். இரு கைகளையும் அகல விரித்துப் பின்னலை இறுக்கிவிட்டு, அதே வேலையை மறுபக்கம் செய்ய வேண்டும். முழு வித்தையும் இவ்வளவுதான். ஆனால் வளையத்தை எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதன் மேல் இழை கீழே போகும்படி புரட்டி எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இரு பக்கமும் புரட்டி எடுத்தால் சதுரமான, திண்மையான கயிறு வரும். ஒரு பக்கம் மட்டும் புரட்டினால் தட்டையான பட்டை வரும். இரு பக்கமும் புரட்டாமல் எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு மெல்லிய பின்னல்களாகப் பிரிந்துவிடும். முதல் நாள் பெரும்பாலோருக்கு நேர்வது இந்தக் கடைசி நிலைதான். உங்களுக்கும் நேர்ந்தால் நூலைக் குறை சொல்லாமல் விரலைக் கவனியுங்கள்.

கைகளை விரித்தால் எவ்வளவு தூரம் எட்டுமோ, அந்த அளவுக்குத்தான் ஒருவர் தனியாகப் பின்ன முடியும். நீளமான கயிறு வேண்டுமென்றால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பின்னலை இறுக்கிக் கொடுக்க இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் மகளை அழைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அந்தக் கயிற்றை என்னவாகக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். அழகுப் பொருள்கள் பரிசுக் கூடையில் எப்போதும் நிறைய இருக்கும். ஆனால் பிரம்பு வாள் ஏந்திப் போரிடும் உங்கள் குழுவினருக்கு ஓயாமல் தேவைப்படுவது, கவசத்தின் பகுதிகளை அதற்கு உள்ளே அணியும் சட்டையோடு சேர்த்துக் கட்டும் முனைத்தகடு வைத்த கயிறுகள். அவர்கள் பேச்சில் ‘ஆர்மிங் பாயிண்ட்’ என்பது இதுதான். கவசம் அணியும் முறையை விவரிக்கும் 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்று, குறுக்கு வில்லின் நாணுக்குப் பயன்படுவது போன்ற மெல்லிய முறுக்கு நூலில் இக்கயிற்றைச் செய்து, செருப்புத் தைப்பவர்களின் மெழுகைப் பூச வேண்டும் என்று சொல்கிறது. உறுதியான லினன் நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இழுத்துவிட்டுப் பின்னினால் அதற்கு மிகவும் நெருங்கிவிடலாம். பளபளக்கும் பாலியஸ்டர் நூலைத் தவிர்த்துவிடுங்கள். முடிச்சு நழுவும், தொலைவிலிருந்து பார்த்தாலும் செயற்கை நூல் என்று தெரிந்துவிடும். நுனிக்கு மெல்லிய பித்தளைத் தகட்டை ஒருபுறம் சற்றுக் குறுகலாக வெட்டி, விளிம்புகளை உப்புத்தாளில் தேய்த்து, கயிற்றைச் சுற்றி உருட்டி இறுக்குங்கள். தகட்டின் குறுக்கே ஒரு சிறு துளையிட்டு நூலால் தைத்துவிட்டால் கழன்று விழாது.

பை செய்யும் ஆசையை விட வேண்டாம். சிறிய லினன் துணியை இரண்டாக மடித்து இருபுறமும் தைத்து, வாயில் வரிசையாகத் துளையிட்டு, துளைகளின் விளிம்பை ஊசியால் சுற்றித் தைத்து, உங்கள் பின்னல் கயிற்றைக் கோத்தால் பை தயார். உள்தையலைத் தையல் இயந்திரத்தில் போடுவதில் தவறில்லை என்பது என் கருத்து. கண்ணில் படும் தையல் மட்டும் கையால் இருக்கட்டும். ஆனால் கூடவே வைக்கும் சீட்டில் அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எந்த நூற்றாண்டுப் பொருளைப் பார்த்துச் செய்தது, என்ன நூல், எந்த இடத்தில் இயந்திரம் பயன்பட்டது என்று மூன்று வரிகள் போதும். குறை சொல்ல வருபவரும் அதைப் படித்தால் அடுத்த கேள்வியை மரியாதையாகக் கேட்பார்.

துளையிட்ட சிறு அட்டைகளில் நூலைக் கோத்துப் பட்டை நெய்யும் அட்டை நெசவை உங்கள் குழுவில் பலரும் பரிந்துரைப்பார்கள். நார்வேயின் ஓஸ்பர்க் கப்பல் புதையலில், 52 அட்டைகளில் பாவு நூல் கோத்தபடியே பாதியில் நின்றுபோன நெசவு ஒன்று கிடைத்தது, கி.பி. 834-இல் புதைக்கப்பட்டது அது. மிக அழகான கலை. ஆனால் ஒரு இடுப்புப் பட்டை முடிக்கவே பல மாலைகள் ஆகும் என்பதால் அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது பொருள்கள் என்ற கணக்கையும் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆறு கவசக் கயிறுகளும் இரண்டு பைகளும் போதும். முதல் இரண்டு கயிறுகளைக் கூடையில் போடாமல், வாரப் பயிற்சிக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்லுங்கள். அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். நுனியருகே அறுந்திருந்தால் தகட்டின் விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது. நடுவில் தேய்ந்து அறுந்திருந்தால் மெழுகு போதவில்லை, அல்லது இழை மெலிது. அதைச் சரிசெய்த பிறகு மீதியைப் பின்னுங்கள்.