டைரியை விலைக்கு வாங்காதீர்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: 'மகள் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நாலாம் வருடம் முடிக்கப் போகிறாள். கடைசி வருடம் மாதிரி நீதிமன்றம் (வழக்கு நடத்துவது போல் வாதாடிப் பழகுவது), இன்டர்ன்ஷிப் என்று கட்டாயத் தாள் உண்டாம். தெரிந்தவர் ஒருவர், பணம் கொடுத்தால் டைரி, சர்டிபிகேட் எல்லாம் வாங்கித் தருகிறேன் என்கிறார். இல்லையென்றால் சென்னைக் கம்பெனியில் இருக்கும் என் மைத்துனரிடமே பயிற்சி முழுவதையும் முடித்துவிடலாமா?'

ஐயா, அந்தத் தெரிந்தவரை இன்றோடு விட்டுவிடுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு நான் தேர்வாளராக உட்கார்ந்த ஒரு முறை, இரண்டு பிள்ளைகளின் டைரியில் ஒரே வழக்கு, ஒரே வாய்தா தேதிகள், ஒரே எழுத்துப் பிழை. 'குறுக்கு விசாரணையில் சாட்சி என்ன சொன்னார்?' என்று கேட்டேன். இருவரும் தலை குனிந்து நின்றார்கள். விற்றவன் அங்கே வரவில்லை.

சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளில் இந்தத் தாளுக்கு 100 மார்க். மாதிரி நீதிமன்றத்துக்கு 30. ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையை நேரில் பார்த்து எழுத 30. கட்சிக்காரரிடம் வக்கீல் பேசுவதையும் வழக்குத் தாக்கல் செய்வதையும் கவனித்து டைரி எழுத 30. மீதி 10 வாய்மொழிக்கு.

இதில் மாட்டிக்கொள்வது சிவில் விசாரணையில்தான். பாளையங்கோட்டை கோர்ட்டில் ஒரு நாள் போய் உட்கார்ந்தால் வாய்தாவைத்தான் பார்க்கலாம். சாட்சி வராது, வந்தால் வக்கீல் வரமாட்டார். விதியோ கடைசி இரண்டு மூன்று வருடங்களில் பார்க்கச் சொல்கிறது. கல்லூரிகள் அதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லாமல், கடைசி மாதத்தில் 'ரெக்கார்டைக் கொண்டு வா' என்றால் பிள்ளை ஜெராக்ஸ் கடைக்கு ஓடாமல் என்ன செய்யும்? எனக்கு இதில் கோபம் உண்டு. உங்கள் மகள் இந்த லீவிலேயே, சாட்சி விசாரணை தொடங்கிவிட்ட வழக்காக ஒன்றைப் பிடித்துத் தொடர்ந்து போகட்டும். கட்சிக்காரர் பேச்சைக் கவனிக்க, கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அனுமதி கேட்கலாம். காசு கிடையாது.

மைத்துனர் விஷயம். ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரப் பயிற்சி வேண்டும். கம்பெனி, தொண்டு நிறுவனம், உள்ளாட்சி அலுவலகம் எல்லாமே செல்லும். ஆனால் ஒன்று: படிப்பு முடிவதற்குள் ஒரு தடவையாவது விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் இருந்திருக்க வேண்டும். மைத்துனர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. மேல்முறையீடு என்றதும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஓட வேண்டும் என்று பயப்படாதீர்கள். முதல் மேல்முறையீடு சப் கோர்ட்டிலும் மாவட்டக் கோர்ட்டிலுமே நடக்கிறது. இரண்டும் பார்க்கும் வக்கீல்கள் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் சேரும் முன் கல்லூரிப் பொறுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். அப்புறம், எந்த வருடத்திலும் தொடர்ச்சியாக நாலு வாரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. இதுவரை எத்தனை வாரம் முடித்திருக்கிறாள் என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

மகள் பட்டம் வாங்கியதும் அந்தத் தெரிந்தவர் மறுபடி வருவார், 'என்ரோல்மென்ட்டை (வக்கீலாகப் பதிவு செய்வதை) நான் முடித்துத் தருகிறேன்' என்று. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். முத்திரைக் கட்டணம் இருந்தால் அது மட்டும் தனி. அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.