டேய் என்று கூப்பிட ஒருவர்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் துணை நிர்வாகி. பழைய ஆட்கள் இன்னும் சின்னதுரை என்றுதான் சொல்கிறார்கள். இதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மா இங்கே பால்மரம் வெட்டினார். படித்து முடித்துப் பகாங்கில் எட்டு ஆண்டு வேலை செய்தேன். போன ஆண்டு இங்கே மாற்றல் கிடைத்தபோது ஊருக்குத் திரும்புகிறோம் என்று அவ்வளவு சந்தோஷம்.

என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் இங்கேயே இருக்கிறார்கள். ஒருவன் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், ஒருவன் டிரெக்டர் ஓட்டுகிறான், மற்றவன் குலை ஏற்றும் லோரி வைத்திருக்கிறான். சாயங்காலம் டவுனில் அவர்கள் உட்காரும் கோப்பிக்கடைக்குப் போவேன். நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். "வாங்க சார், பசியாறிட்டீங்களா?" என்பார்கள். சின்ன வயதில் என்னைக் குச்சி என்று கூப்பிட்டவர்கள் இவர்கள். இப்போது ஒருத்தன்கூட டேய் போடுவதில்லை. மேசைக்கே நான்தான் காசு கொடுக்கிறேன். அப்படியும் ஒன்றும் மாறவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் லோரிக்காரன் ஏற்றிய குலைகளை இரவெல்லாம் சாலையோரத்தில் நிறுத்திவிட்டான். அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 'சார்' இன்னும் கெட்டியாகிவிட்டது.

மனைவி ஈப்போவில் தாதி. பிள்ளைகள் படிப்பும் அங்கேதான். வார நாட்களில் பங்களாவில் தனியாக இருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வீட்டு முன்தாழ்வாரமான ஐந்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னால் கவலைப்படுவாள் என்று சொல்வதில்லை. பெரியதுரையிடம் சொன்னால் இவன் தாங்கமாட்டான் என்று நினைப்பார். ஊர் மாறிவிட்டதா, நான் மாறிவிட்டேனா? பழையபடி அவர்களோடு இருக்க என்ன செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

என் அப்பா மண்டோர். அதனால் உங்கள் கோப்பிக்கடை மேசை எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் தோட்டம் அப்போது ரப்பர். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு, அதன் பிறகு நிரைக்கு நிரை நடந்து வெட்டை பார்ப்பது அப்பாவின் வேலை. உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் மரத்தில் காயம். காயத்தைக் கணக்கில் எழுதுவது அவர்தான், சம்பளத்தில் வெட்டு விழுவது பக்கத்து வீட்டில். காலையில் எழுதிவிட்டு மாலையில் அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும், இருப்பதிலேயே பெரிய தட்டாக. தட்டு வரும், ஆள் உட்காராது. குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் மிஞ்சும்.

எனக்கும் அதில் பங்கு உண்டு. பந்து விளையாடும்போது என்னை யாரும் இடறிவிட மாட்டார்கள். நான் பெரிய ஆட்டக்காரன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போன இரண்டாம் நாளே அது தெளிந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். அங்கே ஒரு சீனர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பாவின் மலாய் மோசம், கடை முதலாளியான தவுக்கேயின் மலாய் அதைவிட மோசம். அப்பா ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்துகொள்வார். மழை, மீன் விலை, சைக்கிள் சங்கிலி இவ்வளவுதான் பேச்சு. சங்கிலிக்கு எண்ணெய் போடாததற்காகத் தவுக்கே அவரைக் கண்டபடி திட்டுவார், அப்பா சிரிப்பார். வீட்டில் சிரிக்காத மனிதர் அது. கூடப் போன நாட்களில் நான் பார்த்திருக்கிறேன். "அந்தச் சீனன் கடையில அப்படி என்னதான் இருக்கு?" என்று அம்மா கேட்காத சனிக்கிழமை இல்லை. அப்பா பதில் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். அந்த வட்டாரத்திலேயே அவரிடம் சம்பள வெட்டுக்குப் பயப்பட வேண்டியிராத ஒரே ஆள் அந்தத் தவுக்கே. அது எனக்கு உறைக்க நாற்பது வயது ஆயிற்று.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊர் மாறிவிட்டதா, நான் மாறிவிட்டேனா என்கிறீர்கள். இரண்டும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் வீடு மாறியிருக்கிறது. பழைய தோட்டங்களை எப்படிக் கட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா, சற்றுக் கீழே கணக்கெழுதும் கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் லயம். யார் யாரோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பதை மண்ணிலேயே வரைந்து வைத்துவிட்டார்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையொட்டிக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்ததும் மேட்டு பங்களாக்களைச் சுற்றி முள்வேலியும் வந்து சேர்ந்தது. இப்போது வேலி இல்லை. மேடு அப்படியேதான் இருக்கிறது.

துரைக்காவது பரவாயில்லை, அவர் வேறு தேசத்து ஆள். நடுவில் நிற்கும் நம்மவன் பாடுதான் திண்டாட்டம். கங்காணியை எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஊருக்கே போய், தன் உறவுக்காரர்களையே கப்பலேற்றிக் கூட்டி வந்தவர். மாமன் மச்சான் முறை சொல்லிக் கூப்பிட்ட ஆட்கள். ஆனால் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கு அவருக்கு நாள்கணக்கில் காசு. மச்சானுக்குக் காய்ச்சல் என்றால் அவர் பையில் ஓட்டை. அந்த உறவு எத்தனை நாள் பழையபடி இருந்திருக்கும்? 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போட்டதோடு ஆள்கட்டும் கங்காணியின் காலம் முடிந்தது. அவர் நின்ற இடம் காலியாகவில்லை. அங்கே என் அப்பா நின்றார், இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். இதை உங்கள் குணக்குறை என்று நினைத்து இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார வேண்டியதில்லை.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு கூட்டத்தில் நமக்கு இடமில்லை என்பது ஒன்று. மனம் விட்டுப் பேச நெருக்கமான ஓர் ஆள் இல்லை என்பது இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியம். உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் இரண்டுக்கும் அந்த ஒரே மேசையில் மருந்து தேடுகிறீர்கள்.

அந்த மேசை இனி உங்களுடையது இல்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். நாள் முழுக்க வெயிலில் நின்றவனுக்குச் சாயங்காலம் முதலாளி பக்கத்து ஆளைத் திட்ட ஓர் இடம் வேண்டும். அவர்களுக்கு அது அந்தக் கோப்பிக்கடை. அங்கே போய் நீங்கள் உட்கார்ந்தால் அவர்களுக்கு அந்த இடமும் போகிறது. அவர்கள் மௌனத்தை வெறுப்பு என்று நினைக்கிறீர்கள். பாதி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டவர்களின் முழிப்பாகவும் அது இருக்கலாம்.

எச்சரிக்கைக் கடிதத்தில் நீங்கள் செய்தது சரி. பறித்த குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது லோரி வைத்திருப்பவனுக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடிதம் கொடுத்த பிறகும் அவன் மேசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததுதான் தப்பு. காலையில் சார், மாலையில் குச்சி என்றால் எந்த ஆளிடம் பேசுகிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பதவியில் இருப்பவனுக்குப் பேச்சுத்துணை இல்லாவிட்டாலும் காலம் ஓடிவிடும். செய்தி வராமல் போவதுதான் ஆபத்து. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் கோயில் நிர்வாகக் குழுவுக்குச் சில ஆண்டு தலைவராக இருந்தேன். கூரை மாற்ற ஒரு குத்தகையாளரைப் பிடித்தேன். கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் "சரிங்க தலைவரே" என்றார்கள். அடுத்த மழைக்கே மூலஸ்தானத்துக்குள் தண்ணீர். அவர் வேலை லட்சணம் அந்தக் குழுவில் அத்தனை பேருக்கும் முன்பே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சோம்" என்றார் ஒருவர். அன்று இரவு எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் நான் கேட்ட விதமும் தப்பு. "நான் செய்வது சரியா?" என்று கேட்டால் எவன் இல்லை என்பான்? அதன் பிறகு நான் ஆளைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். கோயில் கூட்டும் அம்மாவிடம், "எந்த மூலையில் முதலில் ஒழுகும்?" என்று கேட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

உங்கள் மண்டோரிடமும் அப்படிக் கேளுங்கள். "என்மேல் என்னடா கோபம்?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை சார்" என்ற பதில்தான் வரும். எந்தப் பாதையில் லோரி சிக்குகிறது, எந்த நிரையில் உதிரிப்பழம் பொறுக்காமல் கிடக்கிறது என்று கேளுங்கள், சொல்வார். மற்றவர்களுக்கும் காது வைத்திருங்கள். இப்போது நம் தோட்டங்களில் குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். குடும்பத்தைக் கடல் தாண்டி விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குற்றம் சொல்லவில்லை, படித்தபோது கண்ணில் பட்டது.

சொல்ல வேண்டிய முடிவுகளைக் காலையில் பெரட்டில், எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. கோப்பிக்கடையில் விளக்கம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த ஓர் ஆள். பகாங்கில் உங்களோடு வேலை பழகியவர்கள் இப்போது வேறு வேறு தோட்டங்களில் சின்னதுரைகளாகத்தான் இருப்பார்கள். அவர்களும் ஏதோ ஓர் ஐந்தடியில் இப்படி உட்கார்ந்திருக்கலாம். ஒருவருக்குப் போன் போடுங்கள். உங்கள் வேலை என்னவென்று அவருக்குப் புரியும், உங்கள் லோரிக்காரனைத் தெரியாது, அதுதான் வசதி. செம்பனையின் வாசமே இல்லாத ஓர் ஆளும் வேண்டும். பேட்மிண்டன் ஆடுகிறவரோ, முடி வெட்டுகிறவரோ, யாராகவும் இருக்கலாம். உங்களைத் திட்டுவதால் எதையும் இழக்காத ஆளாக இருந்தால் போதும்.

மனைவியிடம் மறைப்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஈப்போ என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? அவர் தாதி. ராத்திரி வேலை பார்த்தவர். நடு இரவில் முழித்திருப்பவர்களைப் பற்றி உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும். இப்போதும் அவர் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருப்பார். எதற்கு என்று தெரியாமல் கவலைப்படுகிறார், அவ்வளவுதான். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடும் குறைந்தாலோ அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும் இருக்கிறது, மனநல ஆலோசனைக்கென்றே வைத்திருப்பது. கால் சுளுக்கினால் போக மாட்டீர்களா? இதுவும் அப்படித்தான்.

கோப்பிக்கடையை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் போங்கள். ஒரு தே தாரிக் குடிக்கும் நேரம், கால் மணி. பிள்ளைகள் எப்படி, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்று கேளுங்கள், தோட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிக்கும் முன் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் வாசலைத் தாண்டியதும் உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசட்டும்.

இன்னொன்று. மேசைக்குக் காசு கொடுப்பதை நிறுத்துங்கள். உங்கள் தே தாரிக்குக்கு என்றாவது அந்த லோரிக்காரன் காசு எடுத்து வைத்தால், தடுக்காதீர்கள்.

அன்புடன்.